"எங்கள் சொந்தப் பொறுப்பில் ஏறுகிறோம்" என்று கையெழுத்துப் போட்டாலே வழக்கு போய்விடுமா?

கேள்வி: நாங்கள் மதுரையில் இருக்கிறோம். போன மே மாதம் என் நாத்தனார் குடும்பத்தோடு ஆலப்புழைக்குப் போனோம். 1,800 ரூபாய் கொடுத்து ஒரு மோட்டார் ஷிகாரா படகு எடுத்தோம். படகில் '6 பேர்' என்று எழுதியிருந்தது, ஆனால் ஒன்பது பேரை ஏற்றினார்கள். லைஃப் ஜாக்கெட்டுகளைக் கூரைக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எடுத்துத் தரச் சொன்னதற்கு, "நெஞ்சளவு தண்ணிதான், செக்கிங் வந்தா போட்டுக்கலாம்" என்றார் ஓட்டுநர். குழந்தைகள் அளவில் ஒன்றுகூட இல்லை. பெரிய ஹவுஸ்போட் ஒன்று பக்கத்தில் போனபோது படகு ஆடி, எட்டு வயது மகன் விழுந்துவிட்டான். பக்கத்துப் படகுக்காரர்தான் குதித்துத் தூக்கினார். இடது முன்கையில் எலும்பு முறிவு, தண்ணீர் குடித்ததால் மூன்று நாள் ஆஸ்பத்திரி. மொத்தச் செலவு 62,000 ரூபாய். இப்போது நலமாக இருக்கிறான். உரிமையாளரோ, "ரிஜிஸ்டரில் 'சொந்தப் பொறுப்பில்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், உங்கள் கணவர் எழுந்து நின்று செல்ஃபி எடுத்தார், எங்கள் மேல் தப்பில்லை" என்கிறார். வழக்குப் போடலாமா? அதற்காகக் கேரளாவுக்கு அலைய வேண்டுமா?

பதில்: பிள்ளை தேறிவிட்டான் என்பது பெரிய நிம்மதி. வழக்குப் போடலாம், மதுரையிலேயே போடலாம். உங்களை அதிகம் பயமுறுத்தியிருப்பது அந்தக் கையெழுத்து என்று தெரிகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த மாதிரி ஒரு வரியை வைத்துக்கொண்டு, தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஒருவர் நழுவ முடியாது. டெல்லியில் 1998-இல் ஒரு நட்சத்திர ஹோட்டலில் நிறுத்தக் கொடுத்த கார் திருட்டுப் போனது. 'உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்' என்று டோக்கனில் அச்சிட்டிருக்கிறோம் என்றது ஹோட்டல். தன் தரப்புக் கவனக்குறைவுக்கு அந்த வாசகம் கேடயமாகாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ஒப்படைத்த பொருள் பற்றிய வழக்கு என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுவார். வாதிடட்டும். ஒரு காருக்கே இந்தப் பொறுப்பு என்றால், காசு வாங்கிக்கொண்டு படகில் ஏற்றிய குழந்தையின் உயிருக்கு அதைவிடக் குறைவாகவா இருக்கும்?

இங்கே ஒரு இடத்தில் கவனமாக இருங்கள். அந்தக் கையெழுத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வாதிடாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்திலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் புகாரைச் 'சேவைக் குறைபாடு' என்ற ஒரே அடித்தளத்தில் நிறுத்துங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவு, நுகர்வோருக்கு இழப்பு ஏற்படுத்தும் கவனக்குறைவையும் குறைபாடு என்றே சொல்கிறது. அது உங்களுக்குப் போதும்.

அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். எனவே மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். நுகர்வோர் புகார்களுக்கான 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கட்டணத்தைக் கணக்கிடுவது நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து அல்ல, சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்து. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நீங்கள் கொடுத்தது 1,800 ரூபாய், ஆகவே பத்து லட்சம் கேட்டாலும் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. காலக்கெடு சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. மைனர் மகனுக்காகக் காப்பாளர் என்ற முறையில் நீங்கள் கையெழுத்திடலாம். வாடகையைக் கணவர் கொடுத்திருந்தாலும், அந்தச் சேவையைப் பயன்படுத்திய எல்லோருமே நுகர்வோர்தான்.

செல்ஃபி விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஓடும் படகில் எழுந்து நின்றது தவறு. ஆணையம் அதைக் கணக்கில் எடுத்து இழப்பீட்டை ஓரளவு குறைக்கக்கூடும். அதற்காகப் புகாரில் அதை மறைக்காதீர்கள். மறைத்தது பிறகு தெரிய வந்தால் மற்ற உண்மைகளையும் சந்தேகிப்பார்கள். ஆனால் அப்பா நின்றார் என்பதற்காக எட்டு வயதுப் பிள்ளைக்கு ஜாக்கெட் மாட்டாமல் விட்டது சரியாகிவிடாது. நிற்பவரை உட்காரச் சொல்வதும், உட்காரவில்லை என்றால் படகை நிறுத்துவதும் ஓட்டுநரின் வேலை.

"நெஞ்சளவு தண்ணி" என்று அவர் சொன்னது யாருடைய நெஞ்சளவு? உங்கள் மகனுக்கு அது தலைக்கு மேல். காயலின் அடியில் சேறு, ஆங்காங்கே ஆகாயத்தாமரை. எதிர்பாராமல் தண்ணீரில் விழுகிறவர் முதல் சில நொடிகளில் மூச்சை இழுத்துத் தண்ணீர் குடித்துவிடக்கூடும், நீச்சல் தெரிந்தவரும்கூட. கூரையில் கட்டித் தொங்கும் ஜாக்கெட்டை அந்த நேரத்தில் யாராலும் அவிழ்த்து மாட்ட முடியாது. பெரியவர் அளவு ஜாக்கெட்டைச் சிறுபிள்ளைக்கு மாட்டினாலும் பயனில்லை. தண்ணீரில் ஜாக்கெட் மேலே எழும்பும், பிள்ளை அதற்குள்ளிருந்து கீழே நழுவிவிடுவான். மாட்டிய பிறகு தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறி வந்தால் அது அவன் அளவு அல்ல. குழந்தைகள் ஜாக்கெட்டில் கால்களுக்கு இடையே போகும் பட்டை இருப்பது இதற்காகத்தான். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-இல் படகுப் பாதுகாப்புக்கென்றே வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. அதைப் புகாரோடு இணையுங்கள்.

"இப்படி நடக்கும் என்று நினைக்கவில்லை" என்று உரிமையாளர் சொல்லவே இடமில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் நம் பழவேற்காட்டில் 22 பேர். 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர், அதில் பல குழந்தைகள். தானூர் சம்பவத்தைக் கேரள உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அதே மாநிலத்தில் படகு ஓட்டுகிறவர் ஆறு பேர் படகில் ஒன்பது பேரை ஏற்றினால், தெரிந்தே ஏற்றினார் என்றுதான் பொருள்.

அப்புறம், இது குற்றமும்கூட. உயிருக்கு ஆபத்து வரும் அளவுக்கு அதிக பாரம் ஏற்றிய படகில் வாடகைக்கு ஆட்களைக் கொண்டுபோவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 284-ஆம் பிரிவில் வருகிறது. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம், ஆகவே 125(b) பிரிவும் பொருந்தும், அதில் மூன்று ஆண்டு வரை சிறை. மதுரையிலேயே 'ஜீரோ எஃப்ஐஆர்' (சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் பதியக்கூடிய முதல் தகவல் அறிக்கை) பதியலாம், அதை ஆலப்புழைக்கு மாற்றிவிடுவார்கள். காவல் நிலையத்தில் தட்டிக்கழித்தால் புகாரைப் பதிவுத் தபாலில் எஸ்.பி அல்லது கமிஷனருக்கு அனுப்புங்கள். 284-ஆம் பிரிவுக்குக் காலவரம்பு ஒரே ஆண்டுதான், தள்ளிப்போடாதீர்கள்.

2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலன்கள் சட்டப்படி மோட்டார் படகுக்குப் பதிவு, தகுதி ஆய்வுச் சான்று, காப்பீடு எல்லாம் வேண்டும். பதிவு எண் புகைப்படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இவற்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். காப்பீடே இல்லை என்று பதில் வந்தால் அதுவே உங்களுக்குச் சாட்சியம்.

புகைப்படங்களும் வீடியோவும் இருக்கும் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். ஆலப்புழை ஆஸ்பத்திரியில் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாவற்றையும் வாங்குங்கள். பையனைத் தூக்கிய அந்தப் படகுக்காரரின் எண் இருந்தால் இன்றைக்கே பேசுங்கள். அவர் வாக்குமூலம் உங்கள் வழக்கில் மிக முக்கியம். முதலில் உரிமையாளருக்குப் பதினைந்து நாள் அவகாசத்தோடு ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி அது கட்டாயம் இல்லை, ஆனாலும் பல உரிமையாளர்கள் அந்தக் கட்டத்திலேயே சமரசத்துக்கு வருவார்கள். 62,000 ரூபாயை மட்டும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கை முழுவதும் குணமாகிவிட்டது என்று எலும்பு மருத்துவர் எழுதித் தரும்வரை பொறுங்கள். பையன் இரவில் பயந்து எழுகிறானா, குளிக்கத் தயங்குகிறானா என்று கவனியுங்கள். இருந்தால் ஒரு மனநல ஆலோசகரிடம் காட்டி அதையும் எழுத்தில் வாங்குங்கள். மன உளைச்சலுக்கான இழப்பீட்டை அவன் பெயரில் தனியாகக் கேட்க அது வேண்டும்.