65 வாட் லேப்டாப் சார்ஜரில் ஃபோனைப் போட்டால் கெட்டுவிடுமா?

ஃபோன் சார்ஜர் தொலைந்துவிட்டது, வீட்டில் டைப்-சி லேப்டாப் சார்ஜர்தான் இருக்கிறது, போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடுங்கள். பினாங்கில் எங்கள் வீட்டில் மூன்று ஃபோன்களுக்கும் அதே மாதிரி ஒரே சார்ஜர்தான்.

65 வாட் என்பது அந்தச் சார்ஜரால் அதிகபட்சம் கொடுக்க முடிகிற அளவு. நாசி கண்டார் கடையில் அண்டா நிறையச் சோறு இருந்தாலும் நம் தட்டுக்கு நாம் கேட்டதுதானே வரும்? டைப்-சி சார்ஜர் சும்மா இருக்கும்போது அதன் முனையில் மின்சாரமே இருக்காது. எதிர்ப்பக்கம், அதாவது ஃபோனுக்குள், 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை என்கிற சின்ன உதிரிபாகம்) தெரிந்தால்தான் 5 வோல்ட் விடும். அப்புறம் ஃபோன் கேட்டால் 9 வோல்ட், லேப்டாப் கேட்டால் 20. யாரும் கேட்காவிட்டால் 5-லேயே நின்றுவிடும்.

இந்த ரெசிஸ்டர் சமாச்சாரம் எனக்கு விளங்கியதே அம்மாவின் கழுத்து விசிறியால்தான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போது போட்டுக்கொள்ள வாங்கியது. டைப்-சி ஓட்டைதான், ஆனால் லேப்டாப் சார்ஜரில் செருகினால் விளக்குகூட எரியாது. "கெட்டுப்போச்சுடா" என்று தூக்கிப் போடப் பார்த்தார். சார்ஜர் பக்கம் பழைய தட்டை யூஎஸ்பி (டைப்-ஏ) முனை இருக்கிற வயரில் போட்டேன், உடனே ஏறியது. தயாரித்தவர்கள் சில காசு மிச்சம் பிடிக்க அந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டார்கள். தட்டை ஓட்டையோ யாரென்று கேட்காமல் எப்போதும் 5 வோல்ட் தரும்.

லேப்டாப்பின் தட்டை ஓட்டையில் ஃபோனைப் போட்டாலும் ஆபத்தில்லை. யூஎஸ்பி 2.0 என்றால் அரை ஆம்பியர்தான், நத்தை மாதிரி ஏறும்.

பயப்பட வேண்டியது வாட்டுக்கு இல்லை, பெயர் தெரியாத மலிவு சார்ஜருக்கு. பசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) 10 ரிங்கிட்டுக்கு ஒன்று வாங்கினேன். அதில் போட்டுக்கொண்டே வாட்ஸ்அப்பில் எழுதினால் 'க' தொட்ட இடத்தில் 'ப' விழும், திரை தானாக ஓடும். வயரைப் பிடுங்கினால் சரியாகிவிடும். உள்ளே வடிகட்டல் சரியில்லாமல் வரும் மின்சாரம் தொடுதிரையைக் குழப்புகிறது. அதில் மிச்சம் பிடித்தவன் வேறு எதில் பிடித்தானோ! சுவரில் இருப்பது 230 வோல்ட், அதற்கும் நம் கைக்கும் நடுவே அந்தச் சின்னப் பெட்டி மட்டும்தான். சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) முத்திரை பார்த்து வாங்குங்கள்.

அந்தச் சார்ஜரைக் குப்பையில் போட்டுவிட்டேன். கூட வந்த வயர் நன்றாகத்தான் இருந்தது. அம்மா அதை லேப்டாப்பில் செருகி விசிறிக்கு வைத்துக்கொண்டார்.