லாரிக்குக் கூடுதல் டீசல் ஃபில்டர்: கேள்வி பதில்

டீசல் பம்பும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் பிரித்துப் பார்க்கிறதுதான் என் வேலை. காமன் ரெயில் லாரியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை), கம்பெனி கொடுத்த டீசல் ஃபில்டரோடு இன்னொன்றையும் சேர்த்து மாட்டுவது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கம்பெனி ஃபில்டர் இருக்கும்போது இன்னொன்று அவசியமா சார்?

எல்லா வண்டிக்கும் அவசியமில்லை. சுத்தமான டீசல் கிடைத்து, ஃபில்டரை நேரத்துக்கு மாற்றி, தண்ணீரையும் வடித்து வந்தால் கம்பெனி ஏற்பாடே போதும். பேரலில் வைத்து ஊற்றுபவர்கள், குவாரி, கட்டுமான வேலை என்று புழுதியிலேயே நிற்கும் வண்டிகள், ஒரே ஒரு ஃபில்டரோடு வரும் சின்ன லாரிகள், இவர்களுக்கு நிச்சயம் பலன் உண்டு.

காரணம் அழுத்தம். காமன் ரெயிலில் 1600 முதல் 2500 பார் வரை போகிறது. இன்ஜெக்டர் உள்ளே அசையும் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தலைமுடி சுமார் 70 மைக்ரான்; வெறும் கண்ணுக்கு 40 மைக்ரானுக்குக் கீழே எதுவும் தெரியாது. "டீசல் கண்ணாடி மாதிரி இருந்ததே" என்று சொல்லிக்கொண்டு தேய்ந்த இன்ஜெக்டரோடு வருகிறார்கள். கண்ணாடி மாதிரி தெரிந்தாலும் கெடுக்கிற தூள் அதற்குள் இருக்கும்.

2 மைக்ரான் ஃபில்டரை டேங்க்குக்கு அடுத்தே போட்டால் எல்லாம் அங்கேயே நின்றுவிடாதா?

போடாதீர்கள். டேங்க்குக்கும் லிஃப்ட் பம்புக்கும் (டேங்க்கிலிருந்து டீசலை எடுத்து ஹை பிரஷர் பம்புக்கு அனுப்புவது) நடுவில் இருப்பது இழுவை லைன். பம்ப் அங்கே டீசலைத் தள்ளுவதில்லை, உறிஞ்சுகிறது. இவ்வளவு நுண்ணிய ஃபில்டரை அங்கே வைத்தால் கொஞ்சம் அடைத்ததுமே வெற்றிடம் ஏறும். எங்கே கிளாம்ப் தளர்ந்திருக்கிறதோ அங்கே காற்று உள்ளே போகும். வெளியே ஒரு சொட்டு டீசல் கசியாது, அதனால் கண்டுபிடிக்கவும் முடியாது. மேட்டில் இழுக்காமல் நிற்கும்.

டேங்க்குக்கு அடுத்து 10 முதல் 30 மைக்ரான் வரையிலான வாட்டர் செபரேட்டர் (டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர்). பிறகு லிஃப்ட் பம்ப். அதன் தள்ளும் பக்கத்தில் நீங்கள் சேர்க்கும் ஃபில்டர். அதற்கும் அடுத்து, கடைசிக் காவலாகக் கம்பெனி ஃபில்டர் அப்படியே இருக்கட்டும். அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

சில எஞ்சின்களில் தனி லிஃப்ட் பம்பே கிடையாது. ஹை பிரஷர் பம்போடு ஒட்டிய கியர் பம்ப்தான் டேங்க்கிலிருந்து உறிஞ்சும். அப்படிப்பட்ட வண்டியில் முதலில் டேங்க் பக்கத்தில் எலக்ட்ரிக் பம்ப் வைக்க முடியுமா என்று பாருங்கள். ஃபில்டர் பேச்சு அதற்குப் பிறகு.

எந்த பிராண்ட் நல்லது?

பிராண்டை விட்டுவிட்டு, பெட்டி மேல் மைக்ரானோடு பீட்டா எண் (அந்த அளவுத் தூளில் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் எண்) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் "4 மைக்ரான்" என்பதற்கு அர்த்தமே கிடையாது. பீட்டா 2 என்றால் அந்த அளவுத் தூளில் பாதியை விட்டுவிடும். பீட்டா 75 என்றால் 98.7 சதவீதம் பிடிக்கும், பீட்டா 1000 என்றால் 99.9. ஒரே மைக்ரான் எழுதிய இரண்டு ஃபில்டர்களுக்கு நடுவே இவ்வளவு வித்தியாசம்.

மைலேஜ் கூடுமா?

கூடாது.

ஃபில்டர் அளவை எப்படி முடிவு செய்வது? என் வண்டி மணிக்கு 15 லிட்டர் குடிக்கிறது.

குடிக்கும் அளவை வைத்து வாங்கினால் சிறியதாகப் போய்விடும். பம்ப் அனுப்பும் டீசலில் எஞ்சின் எரிப்பது ஒரு பங்குதான். மிச்சம் ரிட்டர்ன் லைனில் டேங்க்குக்கே திரும்புகிறது. ஆனால் எல்லாமே ஃபில்டரைக் கடந்துதான் போகும். லிஃப்ட் பம்பின் முழு அளவைப் பார்த்து, அதற்கும் ஒரு படி பெரிய ஃபில்டர் வாங்குங்கள்.

புது ஃபில்டரில் டீசல் ஊற்றி நிரப்பித்தான் மாட்ட வேண்டுமா?

கடைசி ஃபில்டரில் ஊற்றவே கூடாது. காலியாக மாட்டி, ஹேண்ட் பிரைமரை (லைனில் டீசல் ஏற்றும் கைப்பம்ப்) அடித்து நிரப்புங்கள்.

டேங்க் பக்கத்தில் 5 மைக்ரான் போடலாமா?

மேலே 2 மைக்ரானுக்குச் சொன்னதுதான். வேண்டாம்.

தம்பி, 35 வருஷமா நான் டீசல் ஊற்றித்தான் மாட்டுகிறேன். ஒரு வண்டியும் நின்றதில்லை. காலியாக மாட்டினால் பம்ப் வறண்டு ஓடும், பேட்டரி போகும். படித்துவிட்டுச் சொல்லாதீர்கள்.

அண்ணே, பம்ப் வறண்டு ஓடக் கூடாது என்பதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஹை பிரஷர் பம்புக்கு டீசல்தான் எண்ணெய். காலி ஃபில்டரோடு செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பது பம்பைக் கையால் கெடுப்பதற்குச் சமம். அதனால்தான் பிரைமரை விடாமல் அடிக்கச் சொல்கிறேன்.

ஆனால் நீங்கள் 35 வருஷம் பார்த்ததில் பெரும்பகுதி பழைய இன்லைன் பம்ப் வண்டிகளாக இருக்கும். அதில் டீசல் பீய்ச்சும் கணத்தில் மட்டும் அழுத்தம் வரும், உடனே இறங்கிவிடும். காமன் ரெயிலில் எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் முழு அழுத்தமும் இன்ஜெக்டரின் கண்ட்ரோல் வால்வு சீட் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த சீட்டில் ஒரு தூள் சிக்கிக் கீறல் போட்டால், 1600 பாரில் டீசல் அந்தக் கீறலை அரித்துக்கொண்டே போகும். ரிட்டர்ன் கூடும். ஒருநாள் காலையில் ரெயில் அழுத்தம் ஏறாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஃபில்டர் மாற்றிப் பல வாரம் கழித்து வரும் கோளாறு என்பதால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. உங்கள் கையிலிருந்து போன வண்டி வேறு யாரிடமோ இன்ஜெக்டர் மாற்றியிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணே?

ஃபில்டரைக் கவிழ்த்து வாயைப் பாருங்கள். சுற்றிலும் இருக்கும் சின்ன ஓட்டைகள் அழுக்கு டீசல் நுழையும் வழி. நடுவில் திரெட் போட்ட பெரிய ஓட்டை, வடிகட்டியது வெளியேறும் வழி. எல்லோரும் ஊற்றுவது அந்தப் பெரிய ஓட்டையில்தான், வசதியாக இருக்கிறதே என்று. அங்கே விழுந்த தூளுக்கு முன்னால் வேறு ஃபில்டரே கிடையாது.

துணியில் வடிகட்டி ஊற்றினால்?

துணி நூலும் சேர்ந்து போகும்.

சுற்றி இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக ஊற்றலாமா?

நடு ஓட்டையை மூடும் மூடியோடு வரும் ஃபில்டர் என்றால் ஊற்றலாம். முதல் நிலை வாட்டர் செபரேட்டரிலும் ஊற்றலாம், அதற்கு அடுத்து வேறு ஃபில்டர் இருக்கிறது. மூடி இல்லாமல் கை நடுங்க ஊற்றுவதை நான் நம்பமாட்டேன்.

அந்தப் பெரியவர் சொன்னதுதான் சரி, எங்கள் ஷெட்டிலும் ஊற்றித்தான் மாட்டுகிறோம்.

இத்தோடு இந்தப் பேச்சை விட்டுவிடுவோம். என் பதில் மேலே இருக்கிறது.

செம்பு பைப், ஜிஐ ஃபிட்டிங் வீட்டில் இருக்கிறது, பயன்படுத்தலாமா?

வேண்டாம். செம்பும், ஜிஐ மேல் இருக்கும் துத்தநாகமும் டீசலைக் கெடுத்து இன்ஜெக்டரில் படியும். ஸ்டீல் ஃபிட்டிங், டீசலுக்கென்றே செய்த ஹோஸ். பயோடீசல் அதிகம் கலந்திருந்தால் விட்டான் ரப்பர். டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், பிய்ந்து உள்ளே போகும்.

ஹோஸை ஹேக்ஸா பிளேடால் அறுக்க வேண்டாம். ஆரம்ப காலத்தில் நானே அறுத்து மாட்டினேன். நான் சேர்த்த ஃபில்டரைத் தாண்டி பம்புக்குப் போகும் லைன் அது. மூன்றாம் வாரம் பம்பைப் பிரித்தபோது வாய் வடிகட்டிச் சல்லடையில் கறுப்பு ரப்பர் துகள் பொடித்த மிளகு போல ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபில்டர் சேர்த்து, அதற்கு அப்பால் நானே குப்பையைப் போட்டிருந்தேன். இப்போது கூர்மையான கத்தியால் ஒரே வெட்டு, சுத்தமான டீசலால் அலசல், இரண்டு முனைக்கும் மூடி. மாட்டும் நிமிடத்தில்தான் மூடியைக் கழற்றுவேன்.

பெட்ரோல் காருக்கும் இதே மாதிரி போடலாமா?

அது என் வேலை இல்லை. பெட்ரோல் பார்க்கிறவரிடம் கேளுங்கள்.

ஃபில்டர் மாட்டியதும் ஐந்தே நாளில் அடைத்துவிட்டது. உள்ளே கறுப்புக் கூழ். ஃபில்டர் மட்டமா?

ஃபில்டர் வேலை செய்திருக்கிறது. கோளாறு டேங்க்கில். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் கிருமிகள் வளரும், அந்தக் கூழ் அதுதான். சமீபத்தில் பயோடீசல் கலந்தது போட ஆரம்பித்திருந்தால், பழைய படிவும் கரைந்து வரும். டேங்க் அடியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்து இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனிக்கோடாக நிற்கும். டேங்க்கைக் கழுவாமல் எத்தனை ஃபில்டர் மாற்றினாலும் இதே கதைதான்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது?

கம்பெனி சொன்ன தவணையைத் தாண்டாதீர்கள். கூடுதல் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் காட்டும் மீட்டர் வைத்தால் அதுவே சொல்லிவிடும். முதல்முறை கழற்றியதைத் தூக்கி எறியாமல் தகரத்தை வெட்டிப் பிரித்து, காகித மடிப்பை வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். மண் பழுப்பாக இருந்தால் டீசல் வரும் வழியைச் சரிசெய்யுங்கள். வெயிலில் திருப்பும்போது மினுமினுவென்று மின்னினால், காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு, வண்டியை ஓட்டாமல் பம்பைக் காட்டுங்கள். பம்பில் உதிரும் உலோகம் ரிட்டர்ன் வழியாக டேங்க்குக்குப் போய்த்தான் அங்கே வந்திருக்கும்.