லஸ்டர் (பல சர்வர்ல ஃபைலை பிரிச்சு வைக்கிற ஃபைல்சிஸ்டம்) கிளையன்ட்ல கேஷ் லிமிட் 256 எம்பி வச்சும் ஃப்ரீ கமாண்ட்ல பல ஜிபி காட்டுதே, லிமிட் வேலை செய்யுதா?

ஃப்ரீ காட்டுற நம்பரை வச்சு முடிவு பண்ணாதீங்க, அதுல லோக்கல் டிஸ்க்கோட பேஜ் கேஷும் (மெமரில வச்சிருக்கிற ஃபைல் டேட்டா) சேர்ந்துதான் வரும். நீங்க செட் பண்ண மேக்ஸ் கேஷ்டு எம்பி பாராமீட்டரையே திருப்பி படிச்சா யூஸ்டு எம்பி, அன்யூஸ்டு எம்பினு தனித்தனியா காட்டும், பார்க்க வேண்டியது அதைத்தான்.

டெஸ்ட் இப்படி பண்ணுங்க: முதல்ல எல்டிஎல்எம் லாக் எல்ஆர்யூவை, அதாவது கிளையன்ட் பிடிச்சு வச்சிருக்கிற, ரொம்ப நாள் தொடாதது முதல்ல போற லாக் பட்டியலை, கிளியர் பண்ணிடுங்க, லாக் போனா அது காப்பாத்துற பேஜும் சேர்ந்து போயிடும், பழைய கேஷ் ரிசல்ட்டை கெடுக்காது. அப்புறம் 200 எம்பி ஃபைலை ரெண்டு தடவை படிங்க, ரெண்டாவது தடவை ஓஎஸ்சி (ஸ்டோரேஜ் சர்வரோட பேசுற கிளையன்ட் பகுதி) ஆர்பிசி ஸ்டாட்ஸ்ல, அதாவது சர்வருக்குப் போன கோரிக்கை கணக்குல, ரீட் எண்ணிக்கை ஏறவே கூடாது. அடுத்து 1 ஜிபி ஃபைலை அதே மாதிரி ரெண்டு தடவை படிங்க. இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க, 256 எம்பியாவது கேஷ்ல இருந்து வரும்னு எதிர்பார்ப்பாங்க, ஆனா வரிசையா படிக்கும்போது எல்ஆர்யூ பழைய பேஜைத்தான் முதல்ல தூக்கும், நீங்க திரும்ப ஆரம்பத்துக்கு வரும்போது அந்த ஆரம்பமே போயிருக்கும், அதனால கிட்டத்தட்ட மொத்தமும் சர்வர்ல இருந்துதான் வரும், இது பக் இல்ல. முக்கியமா யூஸ்டு எம்பி 256ஐ தாண்டுதானு ஓடும்போதே பார்த்துட்டே இருங்க, முடிஞ்சப்புறம் பார்த்து பிரயோஜனம் இல்ல.

டைரக்ட் ஐஓ போட்டு படிக்காதீங்க, அது கேஷை தொடாது. இந்த லிமிட் ஒவ்வொரு மவுன்ட்டுக்கும் தனித்தனி, ரெண்டு ஃபைல்சிஸ்டம் மவுன்ட் ஆகியிருந்தா கூட்டிப் பாருங்க. ரைட்டுக்கு மேக்ஸ் டர்ட்டி எம்பினு (இன்னும் சர்வருக்கு எழுதாத டேட்டாவுக்கான லிமிட்) ஒண்ணு ஒவ்வொரு ஓஎஸ்சிக்கும் இருக்கு, அதை வேற டெஸ்ட்டா வச்சுக்கங்க.