பதினைந்தாயிரம் கொடுக்காதீர்கள்

கேள்வி: சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதில் ஓரம் மூன்று மாதமாக ஒரு பெரியவர் படுத்துக்கிடக்கிறார். தனக்குத்தானே பேசிக்கொள்வார், யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ரூ.15,000 கொடுத்தால் ஊருக்கு வெளியே ஓர் இல்லத்தில் சேர்த்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். அசோசியேஷனில் வசூலும் தொடங்கிவிட்டது. கொடுக்கலாமா? எங்களுக்குச் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்களுக்கு வரக்கூடிய சிக்கலை விட அந்தப் பெரியவருக்கு வரக்கூடியது பெரிது.

இப்படிச் 'சேர்த்துவிடுகிற' ஆட்களை வழக்கறிஞராக நிறையப் பார்த்தாகிவிட்டது. வண்டி வரும். முடிவெட்டிக் குளிப்பாட்டுவார்கள், அதை வீடியோ எடுப்பார்கள், புதுச் சட்டை போட்டு ஏற்றிக்கொண்டு போவார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் கைகூப்புவீர்கள். பத்து நாள் கழித்து "பெரியவர் எங்கே?" என்று கேட்டால், "வேற பிராஞ்சுக்கு மாத்திட்டோம் சார்" என்று பதில் வரும். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரம விவகாரம் வெளியே வந்ததும் இப்படித்தான். அங்கே சேர்த்த முதியவரைத் தேடிப்போனால், பெங்களூருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கேயும் அவர் இல்லை. உரிமம் இல்லாமல் நடந்த அந்த இடத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள்.

"டிரஸ்ட் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கோம்" என்று ஒரு பத்திரத்தை நீட்டுவார்கள். மயங்காதீர்கள். டிரஸ்ட் பத்திரம் யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆட்களை வைத்துப் பராமரிக்க அது உரிமம் ஆகாது. மனநல இல்லம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். அதைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அப்புறம் போனையே எடுக்க மாட்டார்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 100. மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிகிறார் என்று தோன்றினால், அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்டுவது போலீஸின் வேலை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேடுவதும் ஸ்டேஷன் அதிகாரியின் கடமைதான். சேர்த்துச் சிகிச்சை தர வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னால், வீடில்லாதவரை அரசின் காப்பகத்தில் விட வேண்டும். இத்தனைக்கும் ஒரு ரூபாய் செலவில்லை.

நடப்பது வேறு. ஸ்டேஷனில் "கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள், மருத்துவமனையில் "போலீஸ் மெமோ எங்கே?" என்பார்கள். சட்டம் வந்து இத்தனை வருஷமாகியும் இந்தப் பந்தாட்டம் ஓயவில்லை. புரோக்கருக்குப் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. ஆகவே வாயால் சொல்லாதீர்கள். பிரிவு எண்ணைப் போட்டு மனு எழுதி, அசோசியேஷன் முத்திரை வைத்துக் கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். காயமோ காய்ச்சலோ இருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் 108.

ஒரே ஒரு விஷயம், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தனக்குத்தானே பேசுகிறவர் எல்லாம் மனநோயாளி அல்ல. பகலில் அவர் எங்கே போகிறார் என்று யாராவது பார்த்தீர்களா? மார்க்கெட்டில் மூட்டை தூக்கலாம், குப்பை பொறுக்கி எடைக்குப் போடலாம். பாரிமுனைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பிளாட்பாரத்தில் இருந்துகொண்டு, ரேஷன் கார்டும் ஓட்டும் வைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. வீடில்லாதவர் ஓட்டுக்கு மனுப் போட்டால், அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று இரவில் ஆள் வந்து பார்க்கத் தேர்தல் ஆணையமே விதி வைத்திருக்கிறது. ஆக, படுக்கிற இடம்தான் அவருக்கு முகவரி. தெளிவாக இருக்கிற மனிதர் வரமாட்டேன் என்றால், நீங்களோ போலீஸோ தூக்கிக்கொண்டு போக முடியாது. மாநகராட்சிக் காப்பகம் இலவசம் என்று சொல்லிப் பார்க்கலாம், மாநகராட்சியின் உதவி எண் 1913-இல் கேட்கலாம், அவ்வளவுதான்.

அதனால் மனு எழுதுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் டீ வாங்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பேர் என்ன, எந்த ஊர், யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மூன்று மாதமாகிறது என்கிறீர்கள், உங்கள் கடிதத்தில் அவர் பெயர் இல்லை.