முன்பின் தெரியாத பாதையில் செய்தியைக் கொண்டு சேர்ப்பது: கேள்வி பதில்

கேள்வி: ஃபேடிங் என்பது தூரம் கூடினால் சிக்னல் குறைவதுதானே சார்?

தூரம் வேறு, இது வேறு. அலை நேராகவும் வரும், சுவரில் பட்டுத் திரும்பியும் வரும். வந்து சேர்பவை சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். அங்கே சிக்னல் மங்குவதுதான் ஃபேடிங். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. அதனால்தான் வைஃபை ஆன்டெனாவைச் சில சென்டிமீட்டர் நகர்த்தினாலே நிலைமை மாறிவிடுகிறது.

கேள்வி: சேனல் என்றால் அலை வந்து சேரும் பாதைகளின் தொகுப்பு, சரி. 'ஸ்பார்ஸ்' சேனல் எது?

20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்வித்தில், அதாவது அந்த அகல அலைவரிசையில், ஒவ்வொரு பாதையிலும் அலை வந்து சேரும் தாமதத்தை 50 நானோநொடிக் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கலாம். 5 மைக்ரோநொடிக்குள் 100 கட்டங்கள். அலை விழுவது அதில் ஐந்தாறில் மட்டும் என்றால் அது ஸ்பார்ஸ். கடலுக்கடியில் ஒலி மூலம் பேசும்போதும் இதைப் பார்க்கலாம்.

கேள்வி: அப்போது நல்லதுதானே அண்ணா? 100க்குப் பதில் ஆறைக் கண்டுபிடித்தால் போதுமே.

கற்றுக்கொள்ள நல்லது, நம்பகத்தன்மைக்கு அல்ல. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த இடமே இந்த இழுபறிதான். சேனல் தெரியாத நிலையில் சக்தியை நிறைய பாதைகளில் சமமாகப் பரப்பினால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது அதை அளக்கக்கூடப் போதாது. பேண்ட்வித்தைக் கூட்டக் கூட்ட தகவல் அனுப்பும் வேகம் சரிந்துவிடும் என்று ஆய்வாளர்கள் எம்ரே டெலதாரும் டேவிட் சேயும் 2000இல் காட்டினார்கள். பாதைகள் குறைவென்றால் இந்தச் செலவு குறையும். ஆனால் ஒரு பாதை மங்கினாலும் இன்னொன்றில் செய்தி வரலாம் என்பதால், ஒவ்வொரு தனிப் பாதையும் இன்னொரு வாய்ப்பு. ஒரே பாதை என்றால் சக்தியைப் பத்து மடங்காக்கினாலும் பிழை பத்தில் ஒன்றாகத்தான் குறையும். இரண்டு இருந்தால் நூறில் ஒன்று. ஆகவே அளக்கப் போதுமான சக்தி ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற வரை மட்டும் பரப்புங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: எந்த ஆறு என்றே தெரியாதே?

2006இல் ஆய்வாளர்கள் டோனஹோவும், கேன்டெஸ், ராம்பெர்க், டாவ் மூவரும் வளர்த்த கம்ப்ரெஸ்டு சென்சிங், அதாவது குறைந்த அளவீடுகளிலிருந்தே ஸ்பார்ஸானதை மீட்டெடுக்கும் முறை, இதற்குத்தான் கைகொடுக்கிறது. பைலட்டுகளை, அதாவது சேனலை அளக்க அனுப்பும் முன்கூட்டியே தெரிந்த சிக்னல்களை, அலைவரிசையில் ஒழுங்கில்லாமல் தூவினால், நூறுக்கு மிகக் குறைவான பைலட்டுகளே போதும். ஒரு எச்சரிக்கை: இரு கட்டங்களுக்கு நடுவே விழும் பாதை பக்கத்துக் கட்டங்களிலும் கசியும். ஆறு என்று நினைத்தது பதினைந்தாகத் தெரியும்.

கேள்வி: ரயிலில் போகும்போது எல்லாமே மாறிவிடாதா?

எல்லாம் ஒரே வேகத்தில் மாறாது. மணிக்கு 108 கி.மீ. என்றால் நொடிக்கு 30 மீட்டர். 2 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 15 செ.மீ., அதனால் ஃபேஸ், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது, சில மில்லிநொடிகளிலேயே புரண்டுவிடும். ஆனால் நாம் பார்த்த 50 நானோநொடிக் கட்டம் 15 மீட்டர் நீளம். அதைக் கடக்க அரை நொடியாவது ஆகும். அதனால் எந்த ஆறு என்பதை எப்போதாவது தேடுங்கள். அவற்றின் வலிமையையும் ஃபேஸையும் மட்டும் அடிக்கடி அளந்துகொண்டே இருங்கள்.