ஏரியும் புல எண்ணும்: குவெரி ஏன் பாதியில் நிற்கிறது?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஏரி எல்லைமேல் புல எண் வரைபடத்தை வைத்து, ஆக்கிரமிப்பு எவ்வளவு என்று வரைபடத் தரவுகளைக் கையாளும் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் குவெரி போட்டுக் கணக்கெடுக்கிறேன். கொஞ்ச நேரம் ஓடி 'டோப்பாலஜி எக்ஸெப்ஷன்' என்று நின்றுவிடுகிறது. சில நாள் இணைப்பே அறுந்துபோகிறது. டேட்டா கொடுத்த ஏஜென்சிக்காரர் பெரிய சர்வர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். முதல் பிழைக்கும் சர்வருக்கும் சம்பந்தமே இல்லை. ஏதோ ஒரு புலத்தின் எல்லைக்கோடு தன்னையே குறுக்கே வெட்டிக்கொள்கிறது. காகிதத்தில் (0,0), (2,2), (2,0), (0,2), மறுபடி (0,0) என்று வரிசையாகக் கோடு இழுத்துப் பாருங்கள். பட்டாம்பூச்சி மாதிரி வரும். (1,1)-இல் கோடு கோட்டைத் தாண்டும். அப்படிப்பட்ட உருவத்தில் உள்ளே எது, வெளியே எது என்று புரியாமல் கணினி கையை விரித்துவிடுகிறது.

உருவம் சரியானதா என்று சோதிக்கும் எஸ்டி_ஈஸ்வேலிட் ஃபங்ஷன் 'இல்லை' என்று சொல்லும் வரிகளை மட்டும் எடுத்து, எஸ்டி_ஈஸ்வேலிட்ரீசன் போடுங்கள். கோளாறு உள்ள இடத்தை ஆயத்தொலைவோடு காட்டும். பிறகு டேபிளின் நகலில் எஸ்டி_மேக்வேலிட் போட்டு உருவங்களைச் சரிசெய்து, எஸ்டி_கலெக்‌ஷன்எக்ஸ்ட்ராக்ட் மூலம் பலகோணங்களை மட்டும் பிரித்தெடுங்கள். பலகோணம் வேண்டும் என்று அதற்குச் சொல்லும் எண் 3. பூஜ்ய பஃபர் (எல்லையைப் பூஜ்ய தூரம் விரிப்பது) போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பட்டாம்பூச்சியின் ஒரு இறக்கை சத்தமில்லாமல் காணாமல் போகும். அது ஒரு விவசாயியின் பாதி நிலமாக இருக்கலாம்.

இணைப்பு அறுவது வேறு விஷயம். சர்வர் லாகில் (பதிவேட்டில்) 'சிக்னல் 9' என்று இருந்தால், பெரும்பாலும் நினைவகம் தீர்ந்து லினக்ஸே அந்த வேலையைக் கொன்றிருக்கிறது. வேலைக்கு எவ்வளவு நினைவகம் என்று சொல்லும் ஒர்க்_மெம் அளவை ஏற்றினால் நிலைமை மோசமாகும். அது சர்வர் முழுமைக்குமான வரம்பு அல்ல, ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான முனைகள் உள்ள ஏரிக்கரையை எஸ்டி_சப்டிவைட் கொண்டு 256 முனைக்கு மிகாத துண்டுகளாக்கி, ஜிஸ்ட் இண்டெக்ஸ் (இடத்தை வைத்து விரைவாகத் தேட உதவும் அட்டவணை) போட்டு ஓட்டுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

இனி என் கவலை முழுக்க அந்த ஏஜென்சிக்காரரைப் பற்றித்தான். ஏரி, புலம் என்ற இரண்டு அடுக்குகளின் எஸ்ஆர்ஐடி எண் (ஆயத்தொலைவுகள் எந்த அளவுமுறையில் உள்ளன என்று சொல்லும் எண்) பொருந்தாவிட்டால் போஸ்ட்ஜிஐஎஸ் பிழை காட்டும். அந்தப் பிழையை வாயடைக்க எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி போட்டு எண்ணை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்கள் நிறைய. அது பெயர்ப்பலகையை மாற்றுவதுதான், வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். இடத்தைக் கணக்கிட்டு மாற்றுவது எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம்.

தமிழ்நாட்டில் இது பெரிய பொறி. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை மாநிலத்தின் நடுவே போகிறது. யூடிஎம் என்ற மீட்டர் அளவுமுறையில் அதன் இரு பக்கமும் எஸ்ஆர்ஐடி எண் வேறு. ஈரோடும் கோவையும் அதற்கு மேற்கே, 32643. மதுரை, திருச்சி, சென்னை கிழக்கே, 32644. சென்னை வேலைக்கு 32644 என்று எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே ஈரோட்டுக்கு ஓட்டினால், உங்கள் ஏரி சுமார் 650 கிலோமீட்டர் தள்ளி வங்காள விரிகுடாவில் போய் உட்காரும். பிழை வராது. வெட்டும் புலம் பூஜ்யம் என்று வரும். 'ஆக்கிரமிப்பு இல்லை' என்று அறிக்கையும் போய்விடும்!

எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி சரியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. ஷேப்ஃபைலோடு (வரைபடத் தரவுக் கோப்பு), அளவுமுறையைச் சொல்லும் பிஆர்ஜே கோப்பு வராமல் எண் 0 என்று ஏறியிருந்தால், அளந்தவரிடம் கேட்டு உண்மையான எண்ணை அதன் மூலம் போடலாம். போட வேண்டும். ஆனால் கேட்டுத் தெரிந்த பிறகு; ஊகித்து அல்ல. எண் ஏற்கெனவே இருந்து, அது தவறில்லை என்றால் தொடக்கூடாது. மக்கள் பணத்தில் அளந்த நிலத்துக்கு அந்தச் சின்னக் கோப்பைக்கூடச் சேர்த்துக் கொடுக்காமல் விடுகிறார்கள். கேட்டால் பிடிஎஃப் அனுப்புகிறார்கள். எத்தனை வருடம் இதையே கேட்டுக்கொண்டிருப்பது?

ஏஜென்சிக்குப் பணம் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். ஏரியை 4326-க்கு (டிகிரியில் தீர்க்கரேகை, அட்சரேகை) டிரான்ஸ்ஃபார்ம் செய்து மையப்புள்ளியைப் பாருங்கள். ஈரோடு என்றால் முதல் எண் 77.7 பக்கம், இரண்டாவது 11.3 பக்கம் வர வேண்டும். 83 என்று வந்தால் டேட்டாவைத் திருப்பி அனுப்புங்கள்.