நினைவுச் சன்னல்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகனைப் பார்க்க இங்கிலாந்து சென்றிருந்தபோது வடக்கே சில கிராமத்துத் தேவாலயங்களுக்கு அழைத்துப் போனான். வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் அழகுதான். ஆனால் ஒவ்வொன்றின் அடியிலும் இறந்துபோன ஒரு பணக்காரரின் பெயர். எல்லாம் விக்டோரியா காலத்துப் பட்டறைச் சரக்கு என்றான் மகன். நம் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இவற்றை நீங்கள் கலை என்று கொண்டாடுவது ஏன்?

– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள அம்மா,

பணமும் உண்மை, பட்டறையும் உண்மை. 1845இல் கண்ணாடி மீதான வரி நீங்கியது. பழைய ஆலயங்களைப் புதுப்பிக்கும் வேகமும் அப்போது எழுந்திருந்தது. சுவரில் சலவைக்கல் பதிப்பதைவிடச் சன்னல் வைப்பதே இறந்தவருக்கு உகந்தது என்ற எண்ணம் பரவியது. ஹார்ட்மன், கிளேட்டன் அண்ட் பெல் போன்ற பட்டறைகள் ஓயாமல் செய்து அனுப்பின. அவற்றில் உயிரற்றவை நிறைய உண்டு, மறுக்கவில்லை.

ஆனால் உபயதாரர் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்கிறார். இங்கே பெரும்பாலும் எழுதி வைத்தவர்கள் பறிகொடுத்தவர்கள். பெயருக்கு மேலே அவர்கள் எந்தக் காட்சியைக் கேட்டு வாங்கினார்கள் என்று பாருங்கள். குழந்தை இறந்த வீட்டார் சிறுவர்களை அருகே அழைக்கும் இயேசுவையோ, யவீரு என்பவரின் இறந்த மகளை அவர் உயிர்ப்பிப்பதையோ கேட்டார்கள். கடலில் போனவனுக்கு இயேசு புயலை அதட்டும் காட்சி. மருத்துவருக்கு, அடிபட்டுக் கிடந்த வழிப்போக்கனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன். வாய்விட்டு அழத் தெரியாத அந்தச் சமூகம் சுவிசேஷத்தைக் கொண்டு அழுதது என்றே நான் நினைக்கிறேன்.

வட இங்கிலாந்தின் கம்பிரியாவில் பிராம்ப்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள செயின்ட் மார்ட்டின் ஆலயம் 1878இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் பிலிப் வெப் கட்டிய ஒரே தேவாலயம் அதுதான். அடுத்த ஆண்டே நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் ஹோவர்ட் இறந்தார். அவர் நினைவாகக் கிழக்குச் சன்னலை வரைந்தவர் ஓவியர் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ், இறந்தவரின் மகன் ஜார்ஜின் நண்பர். செய்து கொடுத்தது வில்லியம் மோரிஸின் நிறுவனம். நடுவில் நல்ல மேய்ப்பராக இயேசு, இருபுறமும் புனிதர்கள், மேலே தேவதூதர்கள். மேய்ப்பருக்குக் கீழே தன் மார்பைக் கிழித்துக் குஞ்சுகளுக்கு ரத்தம் ஊட்டும் கூழைக்கடா. ஆடுகளுக்காக உயிரைக் கொடுப்பவன் நல்ல மேய்ப்பன் என்ற யோவான் சுவிசேஷ வரியைப் பறவையாகவும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஒரு தந்தைக்கு இதைவிடப் பொருத்தமாக எதை வைப்பது?

இந்த வேலைக்கு பர்ன்-ஜோன்ஸ் பெற்றது 200 பவுண்டு. பதினான்கு கட்டங்கள், மலைபோல் உழைப்பு, நட்பின் வேகத்தில் அவசரப்பட்டு மதிப்பிட்டுவிட்டேன் என்று கணக்கேட்டில் விளையாட்டாகப் புலம்பி வைத்திருக்கிறார். பட்டறைச் சரக்கு என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். கண்ணாடியில் முகத்தைப் பழுப்பு வண்ணத்தால் தீட்டிச் சூளையில் சுடுவார்கள். 1860, 70களில் சில பட்டறைகள் அந்த வண்ணத்தில் வெண்காரம் கலந்தன. ஈரம் பட்டுப் பட்டு அந்தத் தீட்டல் உதிர்ந்துவிட்டது. ஆடையின் சிவப்பும் நீலமும் கண்ணாடிக்குள்ளேயே ஊறியவை என்பதால் அப்படியே இருக்கின்றன. கண்ணும் மூக்கும் போய்விட்டன. நீங்கள் பார்த்த சன்னல்களில் முகம் வெறுமையாக ஏதேனும் இருந்ததா? மகனிடம் படம் இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த முறை பிராம்ப்டனுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், கிழக்கு வெயில் ஏறும் நேரத்தில்.